எது அசல் நாட்டுப்புற இசை?

கேள்வி: எங்கள் ஊர்க் கல்யாணத்தில் கீபோர்டும் கிளாரினெட்டும் வைத்துப் எங்கள் படுக மொழிப் பாட்டுகளைப் பாடினார்கள்; பெரியவர்களும் பிள்ளைகளும் வட்டம் கட்டி நெடுநேரம் ஆடினோம். சென்னையிலிருந்து வந்த கொழுந்தனார், “இது நாட்டுப்புற இசையே அல்ல, கோத்தர் வாசிப்பதுதான் அசல்” என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் இசையை அவர் மதிப்பது சரி, உங்கள் பாட்டைத் தள்ளிவைப்பது சரியல்ல. 1954-இல் சாவோ பாவ்லோவில் கூடிய அனைத்துலக நாட்டுப்புற இசைக் கழகம், நாட்டுப்புற இசைக்குக் கருவியையோ வயதையோ அளவாக வைக்கவில்லை. பழையதோடு தொடர்பு அறாதிருத்தல், பாடுவோர் கையில் மாறிவருதல், சமூகம் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றையே அது கேட்டது. ஒருவர் இயற்றிய பாட்டும் மக்களின் வாய்மொழி வழக்கில் கரைந்துவிட்டால் நாட்டுப்புற இசையே என்றும் ஒப்புக்கொண்டது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து தமிழ்நாட்டு ஊர்களில் எப்படிப் பரவியது என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பழையதாக இருக்க வேண்டும், பாடியவர் பெயர் தெரியக் கூடாது என்ற எண்ணம் நம் நீலகிரி மலையிலேயே நிற்காது. இங்குள்ள மற்றொரு பழங்குடியினரான தோடரின் பாடல்களை 1930களில் பதிவு செய்து 1971-இல் நூலாக வெளியிட்ட மொழியியலாளர் எமெனோ, அவற்றில் பல, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்காகப் புதிதாகக் கட்டியவை என்று காட்டினார். இணை இணையாக வரும் சொற்றொடர்கள் மரபிலிருந்து கிடைக்கின்றன. அவற்றைக் கோத்துப் பாடுவதோ அன்றைய பாடகரின் திறமை.

இனி கோத்தர் இசை. நாயனம் போலச் சீவாளி வைத்து ஊதும் ‘கொள்’ கருவியைக் கூர்ந்து கேளுங்கள். மேளங்கள் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க, ஊதுபவர் இசையை நீட்டியும் சுருக்கியும் அலைந்துவிட்டுச் சில அடிகளில் மட்டும் மேளத்தோடு வந்து சேர்கிறார். சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. இரண்டையும் அவர்கள் கலப்பதில்லை. இந்த ஒழுங்கை அறியாமல் மேடைக்காக எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் குவித்துவிட்டு, அதற்குப் ‘பழங்குடி இசை’ என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கருவி அசலாகவே இருந்தாலும் அங்கே இசை தன் இடத்தை இழந்துவிடுகிறது.

படுகரும் கோத்தரும் இசையால் நெடுங்காலம் பிணைந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சாவுச் சடங்குக்குக் கோத்தரை வாசிக்க அழைப்பதா, விடுவதா என்று படுகரிடையே எழுந்த பிளவை மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1941-இல் எழுதியிருக்கிறார். அதற்குப் பின் உங்கள் ஊர்கள் வேறு கருவிகளை நாடியதில் வியப்பில்லை. வந்த கருவியில் சொந்த மொழியில் புதுப் பாட்டுக் கட்டி, வட்ட ஆட்டத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது நாட்டுப்புற இசைதான். சினிமா மெட்டை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டு ஆடினீர்கள் என்றால் மட்டுமே கொழுந்தனார் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கோத்தர் விழா இசையைக் கைப்பேசியில் பதிவு செய்து பலருக்கும் அனுப்பலாமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வாசிப்பவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாவு மெட்டு என்று அவர்கள் சொன்னால் அனுப்பாதீர்கள். மற்றவற்றை அனுப்பும்போது எந்த ஊர், எந்தச் சடங்கு, வாசித்தவர் யார் என்பவற்றை அவர்கள் விருப்பப்படி கூடவே எழுதுங்கள்.