கங்கை நீர் எங்கே போனது?

கேள்வி: ராஜேந்திர சோழன் கங்கையையும் கடாரத்தையும் வென்றான் என்கிறோம். அந்த ஊர்களைச் சோழர்கள் ஏன் தொடர்ந்து ஆளவில்லை? அவன் விட்டுப்போனது என்று இன்றைக்கு என்ன இருக்கிறது? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: உட்கார்ந்து ஆளுவதற்காகப் போன படைகள் இல்லை அவை. கங்கைக்கு அவன் நேரில் போகவுமில்லை. 1022-23 வாக்கில் சேனாபதிதான் வங்காளத்து அரசன் மகிபாலன் வரை போய், தோற்ற அரசர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கவைத்துக் கொண்டுவந்தான், ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் அவனை எதிர்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 1025இல் கடாரத்துக்கு, அதாவது இன்றைய மலேசியாவின் கெடா பக்கம், கப்பல் போனதற்குச் சீனக் கடல்வழி வணிகம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பாருங்கள், யானைகள், குவித்து வைத்த செல்வம், கோட்டை வாசலில் இருந்த வித்யாதரத் தோரணம் என்று கொண்டுவந்த பொருள்களின் பட்டியல்தான் அதில் நீளும்.

ஈழம் வேறு கதை. அதைச் சோழர்கள் பல பத்தாண்டுகள் ஆண்டார்கள். அந்நாட்டு அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து, பரம்பரை மணிமுடியோடு இங்கே கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வருடம் சிறையிருந்து இந்த மண்ணிலேயே அவன் செத்தான். பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, அந்தக் கங்கை நீர் என்ன ஆனது? புதுத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தின் பக்கத்தில் ஒரு பேரேரி வெட்டி, அதற்குச் சோழகங்கம் என்று பெயர் வைத்தான், இன்றைக்கு நாம் பொன்னேரி என்கிறோமே அதுதான். செப்பேடு அதைக் கங்கை நீராலான வெற்றித்தூண் என்கிறது. ஜெயித்தவன் கல்லில் தூண் நடுவதுதான் வழக்கம், இவன் ஏரி வெட்டியிருக்கிறான், எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

அந்தத் தலைநகரில் அவன் கட்டிய சிவன் கோயில் இருக்கிறது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வடக்கு வாசல் பக்கம் சிவன் குனிந்து அடியவர் சண்டேசர் தலையில் கொன்றை மாலை சுற்றும் சிற்பத்தை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள், அந்த விரல்களுக்காகவே போகலாம். அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகத்தான் மிச்சம். கோயில் மதில் கற்களை 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், தடுத்த ஊர்மக்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. அந்த அணையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாலும் எனக்கு மனது ஆறவில்லை.

அப்புறம் செய்யாறு பக்கம் பிரம்மதேசம் என்று ஓர் ஊர், அங்கே ஒரு கல்வெட்டு. 1044இல் ராஜேந்திரன் இறந்ததும் அவன் தேவி வீரமாதேவியும் உடன் உயிரை விட்டாள். அவள் தாகம் தீரட்டும் என்று, சோழர் சேனாபதியாக இருந்த அவள் சகோதரன் மதுராந்தக வேளான் அந்த ஊரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறான்.