மறுமலர்ச்சிக் காலச் சிறு வெண்கலச் சிலைகளின் பிற்காலப் பிரதியை வாங்கலாமா? அது வெறும் நகல்தானே?

தாராளமாக வாங்கலாம். என் மேசையிலேயே ஒன்று நிற்கிறது. ஒற்றைக்காலில் எம்பி, விரலால் வானத்தைச் சுட்டும் மெர்குரி, ரோமானியர்களின் தூதுத் தெய்வம். பாரிஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். 16ஆம் நூற்றாண்டுச் சிலை என்று சொல்லித்தான் விற்றார்கள். அறைக்கு வந்து பீடத்தைத் திருப்பினால் ஒரு சின்ன வட்ட முத்திரை: கோலாஸின் இயந்திரத்தால் சிறிதாக்கியது என்று பிரெஞ்சில். பக்கத்தில் பார்பெதியென் வார்ப்புச்சாலையின் பெயர். அப்படியென்றால் இது 19ஆம் நூற்றாண்டு நகல். அன்று ராத்திரி மனசு ரொம்ப வலித்தது.

மூலச் சிலை 1580 வாக்கில் ஜாம்போலோன்யா என்ற சிற்பி செய்தது. ஃப்ளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. 1836-ல் அஷீல் கோலாஸ் ஓர் இயந்திரம் செய்தார். அதன் ஒரு முனை பெரிய சிலையைத் தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதே வளைவுகளைச் சின்ன அளவில் செதுக்கும். 1838-ல் பார்பெதியென் அவரோடு கூட்டு சேர்ந்தார். நடுத்தர வீடுகளுக்கும் சிற்பம் வந்தது அப்படித்தான்.

சரி, நகல் என்கிறீர்களே, மறுமலர்ச்சிக் காலச் சிலை மட்டும் என்ன? இத்தாலியில் மாந்துவா அரண்மனைச் சிற்பி ஒருவரை ஊரே 'ஆன்டிகோ' என்றுதான் கூப்பிட்டது, பழங்காலத்தார் என்று பொருள். ரோமில் கிடந்த பழைய சலவைக்கல் சிலைகளைப் பார்த்து, கைக்கு அடக்கமாக வெண்கலத்தில் வார்ப்பதுதான் அவர் வேலை. உடைந்துபோன கையையும் தலையையும் அவரே யோசித்துச் சேர்ப்பார். பிஷப் லுதோவிகோ கொன்சாகாவுக்காக அப்படிச் சில சிலைகள் செய்தார். பிஷப் இறந்து பல வருஷம் கழித்து, 1519-ல், அவற்றையே மறுபடி வார்த்துத் தருகிறேன் என்று மாந்துவா ஆட்சியாளரின் மனைவியாக இருந்த இசபெல்லா தெஸ்தேவுக்கு எழுதினார். அவரும் வாங்கிக்கொண்டார். கிரேக்கக் கதை வீரன் ஹெர்குலிஸ், ஆன்டியஸ் என்ற அரக்கனைத் தூக்கி இறுக்கும் சிலை இன்று லண்டனிலும் ஒன்று, வியன்னாவிலும் ஒன்று. வியன்னாச் சிலையின் அடியில் இசபெல்லாவின் பெயர் இருக்கிறது. பிரதி என்பதால் அதை யாரும் குறைவாக மதிப்பதில்லை.

அதனால் எந்த வருஷத்துச் சிலை என்பதோடு, வார்த்தபின் ஒரு கை அதில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் இடுக்கு, தலைமுடி, மெர்குரியின் கால் சிறகு, இந்த மூன்றிலும் டார்ச் அடியுங்கள். ஒரு வெண்கலச் சிலையிலிருந்தே அச்செடுத்து வார்த்த பிரதி என்றால் இந்த இடங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். ஆறும்போது வெண்கலம் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்குவதால் அளவும் கொஞ்சம் குறையும். அப்புறம், தூக்கிப் பாருங்கள்: துத்தநாகத்தில் வார்த்து வெண்கல நிறம் பூசியதும் நிறைய விற்கிறது. அடியில் லேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் தெரியும்.

என் மெர்குரியின் சிறகில் ஒவ்வொரு இறகுக்கும் தனித்தனியாக உளிக் கோடு இருக்கிறது. இயந்திரம் சிறிதாக்கிய பிறகு பெயர் தெரியாத ஒரு தொழிலாளி உட்கார்ந்து இழுத்த கோடுகள். அவற்றைப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தை விட்டேன்.