மஞ்சுவிரட்டுக் காளை வாங்கியபின் குறை தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பல நேரம் பணத்தையோ நஷ்டஈட்டையோ கேட்க முடியும். விற்பவர் மாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கினால், அந்தச் சொல்லுக்குப் பெயர் உத்தரவாதம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் கால்நடையும் சரக்குதான்.

ஆனால் எல்லாப் பேச்சும் உத்தரவாதம் ஆகாது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு முன்பு காரைக்குடிப் பக்கம் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர், "ஒருத்தன் திமிலைத் தொட முடியாது" என்பார். அது வெறும் வியாபாரப் பேச்சு. "கால்ல ஒரு குறையும் இல்ல" என்பது அப்படியல்ல, சரிபார்க்கக்கூடிய தகவல். வலிக்கு ஊசி போட்டு நொண்டலை மறைத்திருந்தால், அது அப்பட்டமான மோசடி.

காரைக்குடியில் பழைய வீட்டுத் தூண் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. பர்மா தேக்கு என்று சொல்லி வேறு மரத்துக்குச் சாயம் பூசிக் கொடுத்தால் பொறுப்பு விற்றவருக்கு. மாட்டிலும் அதே கதைதான்: உடம்பிலுள்ள மயிர்ச்சுழியும் பல்லும் வாங்குபவரே பார்க்கக் கூடியவை, உள்காயம் அப்படியில்லை.

குறை தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கி, விற்றவருக்கும் சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் தீனி போட்டு வைத்திருந்தால் மாட்டைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். அதற்கு மூன்று வருடம் வரை வழக்குப் போட இடமுண்டு.

"கயிறு கைமாறினால் முடிந்தது, எழுத்து இல்லாமல் வழக்கே இல்லை" என்பார்கள். தவறு, வாய்ப்பேச்சு வியாபாரமும் சட்டப்படி செல்லும், நிரூபிக்கச் சாட்சிதான் வேண்டும்.