செப்டம்பர் 16-க்கு எதைச் சொல்வது?

உங்கள் மகள் மதுரையில் பள்ளிக் காலை வழிபாட்டில் 'வரலாற்றில் இன்று' வாசிக்க வேண்டும், செப்டம்பர் 16-க்கு நீளப் பட்டியல் கிடைத்தது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலை அப்படியே வாசித்தால் பிள்ளைகள் மனதில் ஒன்றும் நிற்காது.

எம்.எஸ். சுப்புலட்சுமியில் தொடங்கச் சொல்லுங்கள். 1916-இல் அதே நாளில் நம் மதுரையில் பிறந்தவர். 'எம்' மதுரை, 'எஸ்' வீணை வாசித்த தாயார் சண்முகவடிவு. 1966-இல் ஐ.நா. சபையில் பாடினார். 1998-இல் பாரத ரத்னா. இசைக் கலைஞர்களில் அவருக்குத்தான் முதலில் கிடைத்தது. முடிந்தால் மகளை அனுமந்தராயன் கோயில் தெருவுக்குக் கூட்டிப்போய், முகப்பில் வீணை இருக்கும் அந்த வீட்டைக் காட்டுங்கள். பார்த்துவிட்டுப் பேசினால் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ. 1923-இல் பிறந்தார். சரியாக அவருடைய 40-ஆவது பிறந்தநாளில், 1963-இல், சிங்கப்பூரையும் சேர்த்து மலேசியா உருவானது. இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் பிரிந்தது. அங்கே தமிழும் ஆட்சிமொழி என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரமிருந்தால் ஓசோன் நாள்: ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-இல் கையெழுத்தானது அன்றுதான். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.