கார்டு மேல் பழி போடாதீர்கள்: ரேம் சந்தேகங்களுக்குப் பதில்

அண்ணா, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். எஃப்பிஎஸ் 60 காட்டுகிறது. ஆனால் கேமில் புது ஊருக்குள் நுழைந்தாலே படம் உறைந்து உறைந்து வருகிறது. கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா?

கார்டு நன்றாகத்தான் இருக்கும் தம்பி. 60 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். ரேம் போதாமல் போனால் விண்டோஸ், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை (ரேமில் உள்ள சிறு துண்டுகளை) டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்கு அனுப்பிவிடும். கேம் அதையே திரும்பக் கேட்டால், வந்து சேரும்வரை அந்த வேலை அப்படியே நிற்கும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கவே சுமார் 10 மில்லிசெகண்ட் எடுக்கும். இரண்டு முறை தேடினாலே ஒரு ஃப்ரேம் காலி. புது ஊருக்குள் நுழையும்போது நூற்றுக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

சராசரி எஃப்பிஎஸ்ஸில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் '1% லோ' எண்ணை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) பாருங்கள் என்கிறோம். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' கோட்டையும் கவனியுங்கள், ரேமில் இல்லாததை டிஸ்கில் போய் எடுத்த தடவைகளை அது காட்டும். படம் உறையும்போதெல்லாம் அந்தக் கோடும் எகிறினால் காரணம் இதுதான். முதலில் பிரௌசரை மூடிவிட்டு விளையாடிப் பாருங்கள், அது காசில்லாத வைத்தியம். அப்புறம் எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்), 16 ஜிபி ரேம்.

ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் ரேம் பூஸ்டர் ஆப் போடலாமா ப்ரோ?

வேண்டாம். சமைக்க எடுத்து வைத்த சாமான்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, 'மேடை காலி' என்று காட்டுகிற வேலை அது. அடுத்த நிமிடம் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

16 ஜிபி இருப்பதால் பேஜ் ஃபைலை அணைத்துவிட்டேன். இப்போது 3 ஜிபி காலியாக இருக்கும்போதே 'மெமரி போதவில்லை' என்று கேம் மூடிக்கொள்கிறது. எப்படி?

ரயிலில் ரிசர்வ் செய்த சீட் மாதிரி. ஆள் இன்னும் ஏறாவிட்டாலும் அந்த சீட்டை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. கேம்கள் தேவைக்கு மேலேயே மெமரியை முன்பதிவு செய்து வைக்கும். விண்டோஸ் ரேமையும் பேஜ் ஃபைலையும் கூட்டித்தான் அந்த வாக்கைக் கொடுக்கிறது. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுக்கும் அளவு சுருங்கிவிடும். விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி பழையபடி மாற்றிவிடுங்கள்.

சார், என் பையனுக்காக மைன்கிராஃப்டுக்கு 16-இல் 12 ஜிபி ஒதுக்கினேன். முன்னைவிட மோசமாகத் திக்குகிறது.

பாசம் அதிகமாகிவிட்டது! மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு, பயன்படுத்தி முடித்தவற்றை அவ்வப்போது பெருக்கித் தள்ளும். அப்போது ஆட்டம் ஒரு கணம் நிற்கும். இடத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் குப்பை சேர்ந்துகொண்டே போய், அந்த நிறுத்தம் நீளக்கூடும். இன்னொரு பக்கம், மிச்ச 4 ஜிபியில் விண்டோஸும் டிரைவரும் முட்டி மோதிக்கொண்டிருக்கும். மோட் (கேமில் சேர்க்கும் கூடுதல் மாற்றங்கள்) எதுவும் இல்லையென்றால் 2 முதல் 4 ஜிபி போதும். கனமான மோட் தொகுப்புக்கு 6, அதிகபட்சம் 8.

16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டு 8-ஆ?

இரண்டு 8. டிடிஆர்4-3200 (3200 வேக ரேம்) ஒரு ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி வரை போகும். இரண்டைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் படம் வரைவதற்கும் இதே ரேம்தான் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போட்ட கையோடு பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் அமைப்பு அது. 3200 ரேமை வாங்கிவிட்டு இரண்டு வருடம் 2133-இல் ஓட்டியவன் நான்.

32 ஜிபி போட்டால் எஃப்பிஎஸ் ஏறுமா?

16 நிரம்பாத மெஷினில் ஏறாது. அந்தக் காசைக் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள்.