பரிசோதனையில் ‘விந்தணு இல்லை’ என்று வந்தால்…

கேள்வி: எனக்கு வயது 37, மனைவிக்கு 34. திருமணமாகி 4 ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. மனைவிக்குக் குறை ஏதும் இல்லை என்றார்கள். எனக்கு இருமுறை எடுத்த விந்துப் பரிசோதனையிலும் விந்தணுவே இல்லை என்று வந்தது. தாம்பத்தியத்தில் எந்தச் சிக்கலும் இல்லாதபோது இது எப்படி? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார். போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த ஊசியை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால், விதைகளைத் தூண்டுகிற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்களை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி குறைத்துக்கொள்ளும். அதனால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தியபின் பெரும்பாலானோருக்கு உற்பத்தி திரும்பும் என்றாலும், அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது என்பதால், அணு இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தாம்பத்தியமும் கெடாது. இதை ஆண்மைக் குறைவு என்று எண்ணி மனம் குமையத் தேவையே இல்லை.

அணு உருவாகவில்லையா, உருவாகியும் வழியில் அடைபட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும். சிறிதும் பெரிதுமாக மணிகள் கோத்த ஓர் அளவுமாலையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் விதையின் பருமனை ஒப்பிட்டுப் பார்ப்பார். ரத்தத்தில் ஹார்மோன்களையும் சோதிப்பார். விதையின் அளவும் எஃப்எஸ்ஹெச்சும் இயல்பாக இருந்தால் அடைப்புக்கே வாய்ப்பு அதிகம். சிறுவயதில் ஹெர்னியா அறுவை சிகிச்சை நடந்ததா என்று பெற்றோரிடம் கேளுங்கள். அப்போது விந்துக் குழாய் சேதமடைந்திருக்கக்கூடும். பழைய தொற்றும் அடைப்பை உண்டாக்கும். சிலருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே இருக்காது. அடைப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து நுண் அறுவை சிகிச்சையால் அதைச் சரிசெய்யலாம். இல்லையேல் விதையிலிருந்து ஊசியால் அணுவை எடுத்து, ஒரு கருமுட்டைக்குள் ஓர் அணு வீதம் செலுத்தும் ‘இக்சி’ முறையில் கருவுறச் செய்யலாம்.

எஃப்எஸ்ஹெச் மிகுந்து விதை சிறுத்திருந்தால் உற்பத்தியில்தான் கோளாறு. பருவமடைந்தபின் வந்த பொன்னுக்கு வீங்கி, விதைப்பைக்குள் இறங்காத விதை, கூடுதல் எக்ஸ் குரோமோசோம், ஒய் குரோமோசோமில் ஒரு பகுதி இழப்பு எனக் காரணங்கள் பல. ஆகவே மரபணுப் பரிசோதனை அவசியம். இங்கும் நுண்ணோக்கி வைத்து விதைக்குள் தேடும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. மாறாக, பிட்யூட்டரி ஹார்மோன்களே குறைந்திருந்தால் அவற்றை ஊசியாகச் செலுத்தி உற்பத்தியைத் தொடங்கவைக்கலாம். மருந்தால் நன்கு குணமாகும் வகை இது.

மூன்றாவது முறை பரிசோதிக்கும்போது, விந்தை மையவிலக்கியில் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு அணுக்கள் தென்பட்டாலும் உறையவைத்துப் பாதுகாக்கலாம். 35 வயதுக்குப் பிறகு கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பதால், லேகியம், டானிக் என்று மாதங்களைக் கடத்தாமல், ஆண் மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை அளிக்கும் சிறுநீர்ப் பாதை நிபுணரை (யூராலஜிஸ்ட்) இந்த மாதமே இருவருமாகச் சென்று பாருங்கள்.