வேப்பிலை, தும்பை அரைத்துக் கொடுத்தால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்தே வேண்டாமா?

போதும் என்றுதான் நானும் மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூட்டும் நீங்கள் கேட்டதுதான்: வேப்பிலை, தும்பை, பாகற்காய், பூண்டு, கடுகு, மஞ்சள், வாழைத்தண்டு. அரைத்து, வெல்லம் சேர்த்து உருட்டி, உப்பில் தொட்டு நாக்கில் தேய்த்துவிடுவோம். மறுநாள் புழுக்கையோடு அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் விழும். "பாத்தியா, புழு விழுந்துருச்சு" என்பார் அப்பத்தா.

விழுந்தது நாடாப்புழுவின் துண்டு. அது மருந்து கொடுக்காவிட்டாலும் விழும். வளர்ந்த ஆட்டை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு சினை ஆடு ஒன்று தாடைக்கு அடியில் பை போல நீர் கோத்துச் செத்துப்போனது. கழிச்சல்கூட இல்லை. டாக்டர் அறுத்து நாலாவது வயிற்றைத் திறந்து காட்டினார். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி கொத்துக் கொத்தாகப் புழு. ஹீமோன்கஸ் என்றார். ரத்தம் குடிக்கிற ஜாதி. பெண்புழு ஒன்று நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும், ஒன்றும் நம் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் இப்போது புழுக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறேன். நல்ல சிவப்பு என்றால் மூலிகை உருண்டையோடு சரி. ரத்தம் குறைந்து வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம். அந்த நிலையில் மூலிகையை நம்பி நாள் கடத்தினால் ஆடு தங்காது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே 5 நிறம் போட்ட ஃபமாச்சா என்ற அட்டை வைத்திருக்கிறார்கள்.

கடை மருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற சமாச்சாரம் இல்லை. எடையைக் குத்துமதிப்பாகப் போட்டு, வருஷம் முழுக்க அல்பெண்டசோல் என்ற ஒரே குடற்புழு மருந்தை ஊற்றினால் புழு அதற்குப் பழகிவிடும். மூலிகையோ கடை மருந்தோ, கொடுக்கும் முன்னும் 14 நாள் கழித்தும் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிடும்.

செடிகளில் எனக்கு நம்பிக்கை துவர்ப்புத் தழைகள் மேல்தான். கருவேலந்தழையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புழுவை ஓரளவு அடக்கும். அதைவிட முக்கியம், புழுக்குஞ்சு பனி ஈரத்தில் பெரும்பாலும் புல்லின் அடியில் ஓரிரு அங்குலம்தான் ஏறும். ஆடு தலை நிமிர்ந்து மேயும் தழையில் அது இருக்காது. பனி காய்ந்த பிறகு ஓட்டிப் போகச் சொன்ன பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

ஒன்றே ஒன்று: புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளை கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆடே தீண்டாது என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நாம்தான் வாயைப் பிளந்து ஊற்றுகிறோம்.